பிளக்கைப் பிடுங்கியவள்

தேனிச் சந்தைக்கு மேற்கே இருந்த பருத்தி அரவை மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்தது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில். வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் என்று சேரவில்லை. என் வீட்டுக்காரர் சொந்த வண்டியும் மாடும் வைத்து அதே மில்லுக்குப் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார். மாமியாரோடு ஒரே அடுப்படியில் நாள் முழுக்க நிற்க என்னால் முடியவில்லை. அம்புட்டுதான் காரணம். மில்லு வேலைக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. போனேன்.

எனக்குப் பிறந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. மில்லில் பொம்பளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் ஊர்ப் பேர் வாய்க்குள் அடங்காது என்பதால் வெறும் பட்டிக்காரி ஆனேன். எனக்குக் கூட்டாளி ஒருத்தி, குச்சனூர்க்காரி. என்னைவிட மூத்தவள். அவள் சிரித்தால் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் அரவை மிஷின்கள் வரிசையாக நிற்கும். பருத்தியைப் போட்டால் பஞ்சு ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழும். காலையில் கறுப்புச் சேலையோடு உள்ளே போகிறவள் மத்தியானம் வெள்ளைச் சேலையோடு வெளியே வருவாள், பஞ்சுத் தூசி அப்படி. உத்தரத்தில், பெல்ட்டில், மோட்டார் மேலே, எங்கள் புருவத்தில் என்று எல்லா இடத்திலும் அது போய் உட்காரும். அதை அன்றாடம் துடைத்து எடுக்காவிட்டால் மோட்டார் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். மத்தியானச் சங்கு ஊதி மிஷின்கள் நின்றதும் மூங்கில் கம்பில் விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு நாங்கள் கூட்ட ஆரம்பிப்போம். கூட்டுகிற தூசியில் பாதி எங்கள் தலையில் விழும்.

ஒருநாள் மேனேஜர் மதுரையிலிருந்து ஒரு மிஷினை இறக்கினார். சின்னச் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய். சுவிச்சைப் போட்டால் புயல்போல ஊதும். எட்டாத உத்தரத்தில் இருக்கிற தூசியெல்லாம் ஒரே ஊதலில் இறங்கிவிடும். ‘கரண்டு ஊதாங்குழல்’ என்று அதற்குப் பேர் வைத்தவள் குச்சனூர்க்காரிதான். அதைப் பிடித்து ஓட்ட எங்களுக்குள் போட்டி. எனக்கும் அதைப் பிடிக்கும். அந்த மிஷின்மீது எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் பலர் மாற்றிச் சொன்னார்கள்.

சங்கடம் வயரில்தான். கூடத்தின் வடகோடியில், மெயின் சுவிச்சு அறைக்கு வெளியே, பிளக்கு மாட்டுகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அங்கே மாட்டினால் பெட்டியோடு வந்த வயர் முதல் மிஷின்வரைக்கும்கூட எட்டாது. நீள வயர் வேண்டும் என்றார் மேனேஜர். யுத்த காலத்தில் நல்ல வயர் ராணுவத்துக்கே பற்றவில்லை என்று மதுரைக் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். பொதி அடுக்கி வைக்கிற பழைய கிட்டங்கியில் விளக்குக்குப் போட்டிருந்த துணி சுற்றிய மெல்லிசு வயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி ஒட்டுப்போட்டு, நாடா சுற்றி, ஒரே நீளமாக்கிக் கொடுத்தார் வயர்மேன். கிணற்று ராட்டு மாதிரி ஒரு மரக்கட்டையில் அதைச் சுற்றி வைத்தார்கள். எங்களுக்கு அது வயர் ராட்டு.

முதலில் வயரை முழுக்கத் தரையில் விரித்துத்தான் ஓட்டினோம். கொட்டை அள்ளுகிற தள்ளுவண்டி ஒருநாள் அதன்மேல் ஏறி, வயர் அறுந்து, பொறி பறந்தது. அன்றைக்கு மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார். வேண்டிய நீளத்தை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும்; மிச்சம் ராட்டிலேயே இருக்க வேண்டும்; தூசி படாமல் ராட்டின்மேல் சாக்கைப் போட்டு மூட வேண்டும். அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் வடகோடிக்குப் பக்கத்து மிஷினில் ஊதிக்கொண்டிருந்தேன். ராட்டில் பாதிக்குமேல் வயர் அப்படியே சுற்றிக் கிடந்தது. மயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். யார் தலையிலோ பொறி விழுந்துவிட்டது என்று சுற்றிப் பார்த்தேன். நாற்றம் சாக்குக்கு அடியிலிருந்து வந்தது. சாக்கை எடுத்துவிட்டு ராட்டைத் தொட்டேன். தோசைக்கல்லைத் தொட்டது மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பச்சையாக இருந்த துணி உறை உள்சுற்றுகளில் பழுப்பாகியிருந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஊதல் நின்றதும் மேனேஜர் வந்துவிட்டார்.

“யாரு நிப்பாட்டச் சொன்னது?”

“ராட்டு சுடுதுங்கய்யா. தொட்டுப் பாருங்க.”

அவர் தொடவில்லை. “மிஷின்னா சூடு வரத்தான் செய்யும். ஒன் வீட்டு அடுப்பு சுடலையா?”

“சுடுதுய்யா. ஆனா அடுப்பச் சுத்தி நான் பஞ்சக் கொட்டி வைக்கலையே.”

குச்சனூர்க்காரி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சொன்னது அவரை உறுத்தவில்லை. அந்தச் சிரிப்புத்தான் உறுத்தியது. முகம் சிவந்துபோய், “பிளக்க மாட்டு” என்றார்.

“சூடு ஆறட்டும்யா, மாட்டுறேன்” என்று அங்கேயே நின்றேன். அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசியில் அவரே போனார்.

வயர்மேன் அங்கேதான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மலைமேலே மலையாளத்துக்காரர்களின் கரண்டு வேலைகளில் கிடந்து தொழில் படித்தவர். பேச்சில் ரெண்டொரு மலையாளம் விழும். பிறகு குழாயடியில் அவரைப் பிடித்து நிறுத்தினேன்.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? அது ஏன் சுடுது?”

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “அது வெளக்கு எரிக்கிற வயரு தாயி. அந்தப் பெட்டி கரண்ட வாரிக் குடிக்கும். அம்புட்டையும் இந்த மெல்லிசு வயரு தாங்காது. ஒட்டுப்போட்ட எடமெல்லாம் வேற சுடும். நீட்டிக் கெடந்தாலாவது சூடு காத்துல போயிரும். சுருட்டி வச்சா ஒரு சுத்தோட சூடு அடுத்த சுத்துல ஏறி அங்கனயே நிக்கும். அதுக்கு மேல சாக்கு வேற. சூட்சிக்கணும், ரொம்ப சூட்சிக்கணும்.”

சூட்சிக்கணும் என்றால் மலையாளத்தில் கவனமாக இருக்கணும் என்று அர்த்தம்.

“அப்படின்னா மொதல்லயே மேனேஜர்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன். பியூசு போச்சு. மருக்காவும் போச்சு. அடிக்கடி போனா வேல கெடுதுன்னு தடிச்ச கம்பி வைக்கச் சொன்னாக. வச்சுட்டேன்.”

“பியூசு எதுக்குப் போகுது?”

“போதும், நிறுத்துன்னு சொல்லத்தான்.”

“அது வாயையும் அடச்சுட்டீகளாக்கும்.”

அவருக்குப் பொண்ணுகள் இருந்தார்கள், வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் கூட.

மறுநாள் மத்தியானம் நானும் குச்சனூர்க்காரியும் சேர்ந்து ராட்டில் இருந்த வயரை ஒரு சுற்று விடாமல் அவிழ்த்தோம். தள்ளுவண்டி ஏறக்கூடாது என்பதுதானே மேனேஜர் கவலை? சுவரில் தலை உயரத்துக்கு வரிசையாக ஆணி இருந்தது. அதில் வயரைத் தொங்கவிட்டுக் கொண்டுபோனோம். தரையில் காலளவுகூட வயர் இல்லை. ஓட்டிப் பார்த்தோம். வயர் வெதுவெதுப்போடு நின்றது, கை பொறுத்தது. இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டினோம்.

மேனேஜர் வந்து பார்த்தார். சுவரெல்லாம் வயர் தொங்குவது அவருக்குக் கண்ணைக் குத்தியது. அதைவிட, உத்தரவை மீறினோம் என்பது குத்தியது.

“எல்லாத்தையும் பழையபடி சுருட்டு.”

“சுருட்டுனா சுடுதுய்யா.”

“கரண்டப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒன்னும் தெரியாதுய்யா. கை சுட்டா மட்டும் தெரியும்.”

“ஒனக்குச் சனி பிடிச்சிருக்கு. ஒன் கூட்டாளி ஊருதான குச்சனூரு? அங்கன இருக்கிற சனி கோயிலுக்குப் போயி எள்ளு விளக்கு ஏத்திட்டு வா, சரியாப்போகும்.”

குச்சனூர்க்காரி முன்னால் வந்தாள். “எங்க ஊரு சாமி கோயில்ல இருக்காருய்யா. இந்த ராட்டுக்குள்ள எப்பக் குடி வந்தாரு?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வயர்மேனைக் கூப்பிட்டு மேனேஜரே வயரைச் சுருட்டச் சொன்னார். வயர்மேன் சுருட்டினார். சாக்கைப் போட்டு மூடினார்கள். “ஓட்டு” என்றார் மேனேஜர் என்னைப் பார்த்து.

நான் குழாயைத் தரையில் வைத்தேன். “நான் ஓட்டமாட்டேன்.”

குச்சனூர்க்காரியைப் பார்த்தார். அவளும் கையைக் கட்டிக்கொண்டாள். வரிசையாக ஒவ்வொருத்தியையும் பார்த்தார். பாதிப் பேர் எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு.

“ஓட்டமுடியாதவக வெளிய போகலாம்” என்றார்.

போனோம்.

மறுநாள் காலைச் சங்கு ஊதும்போது கேட்டுக்கு வெளியே வந்து நின்றோம். அடுத்த நாளும் நின்றோம். வேலை நேரம் முழுக்க நிற்போம், சாயங்காலம் வீட்டுக்குப் போவோம். உள்ளே போகிற வண்டிக்காரர்கள் எங்களைக் கேலி பண்ணினார்கள். ஒருத்தன், “என்னத்தா, கலெக்டருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறீகளா?” என்றான். “அவரு வந்தாலும் வயர அவுத்துவிட்டாத்தான் உள்ள போவோம்” என்றேன்.

வீட்டில் மாமியாருக்குச் சந்தோஷம். “நல்லதாப் போச்சு, இனிமே அடங்கி வீட்டுல கெட” என்றாள். நான் அடங்கவும் இல்லை, வீட்டில் கிடக்கவும் இல்லை. விடிந்தால் கேட்டுக்குப் போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் வாய் திறக்காமல் இருந்தார். அதிகம் பேசாத மனுசன். ஒரு காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே சொன்னார்.

“மேனேஜரு கூப்பிட்டாக. நீ விட்ட வேலைய என்னையப் பாக்கச் சொல்றாக.”

“நீங்க என்ன சொன்னீக?”

“பாக்குறேன்னுட்டேன். இல்லேன்னா நம்ம வண்டி கேட்டுக்குள்ள வராதுங்கிறாக.”

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. “தேனியில அந்த ஒரு மில்லுதான் இருக்கா? பொண்டாட்டி கேட்டுக்கு வெளிய நிக்கையில புருசன் உள்ள போயி அதே மிஷினப் புடிச்சா ஊரு என்னத்தச் சொல்லும்?”

“ஊரு இப்ப மட்டும் என்ன நல்லதா சொல்லுது?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொன்னேன். “போறதுதான் போறீக, ராட்ட முழுசா அவுத்து விட்டுட்டு ஓட்டுங்க.”

“சொன்னபடிதான் செய்ய முடியும் புள்ள” என்றார்.

அது ஆனி மாசம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி பிறந்தால் கம்பத்துப் பக்கமிருந்து காத்து இறங்கும். கூரையையும் விடாது, ஆளையும் விடாது. அன்று மத்தியானம் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றோம். மிஷின்கள் நின்றன. ஊதாங்குழல் சத்தம் கேட்டது. குச்சனூர்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தின் ஜன்னலில் புகை. உள்ளேயிருந்து பொம்பளைகளின் கூச்சல்.

பஞ்சுத் தூசியில் தீ நின்று எரியாது, ஓடும். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாட்ச்மேன் தடுத்தார்; இடித்துத் தள்ளிவிட்டு ஓடினோம். தரையில் கிடந்த தூசிமேல் நீலமாகத் தீ ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நின்றவர்கள் தெற்கு வாசல் வழியாக முட்டி மோதி வெளியே வந்தார்கள். மெயின் அறை வாசலில் வயர்மேன் கல்லாய்ச் சமைந்து நின்றார்.

“மெயின நிறுத்துண்ணே!” என்று கத்தினேன். இரண்டாவது தடவை கத்தியபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. உள்ளே பாய்ந்தார்.

மேனேஜர் ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிக்கொண்டு ராட்டைப் பார்த்து ஓடினார். வாளியைப் பிடித்துக்கொண்டேன். “கரண்டு இருக்கும்யா, செத்துப்போவீக!” அவர் என்னைத் திட்டிக்கொண்டே இழுத்தார், நான் விடவில்லை. வயர்மேன் உள்ளேயிருந்து “நிப்பாட்டியாச்சு” என்று குரல் கொடுத்த பிறகுதான் விட்டேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் பண்ணியிருந்தார். ராட்டு நின்ற இடத்துக்கும் அரைக்காத பருத்திக் குவியலுக்கும் நடுவில் நாலு எட்டுத்தான் இருக்கும். எரிகிற ராட்டை இரண்டு கையாலும் அள்ளிக் கூடத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார். வயர் அவர் பின்னாலேயே இழுபட்டு வந்தது. கரண்டு நின்ற பிறகு எடுத்தாரா, நிற்கும் முன்னே எடுத்தாரா என்று இன்றுவரைக்கும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உயிர் பிழைத்தது அவர் பிறந்த நேரம்.

காத்து வருகிற மேற்கு வாசலைக் குச்சனூர்க்காரி இழுத்துச் சாத்தினாள். நனைத்த சாக்கையும் மணலையும் போட்டு அடித்து அணைத்தோம். வெளியே நின்ற நாங்களும் உள்ளே இருந்தவர்களும் சேர்ந்துதான் அணைத்தோம். குவியல் தப்பியது. இரண்டு மிஷின் கருகியது.

வெளியே ஓடிவந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் தொங்கியது. என்னைப் பார்த்து, “அவுத்துவிடலாமான்னு கேட்டேன் புள்ள. வேணாம்னுட்டாக” என்றார்.

அவரைப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி எங்களுடையது. ஓட்ட வேண்டியவர் கை வெந்து கிடக்கிறார். வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்; மேனேஜர்மேல் அவர்களுக்குப் பயம். நானே மாட்டைப் பூட்டினேன். அவரை வைக்கோல்மேல் படுக்கவைத்து, குச்சனூர்க்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். பொம்பளை வண்டி ஓட்டுவதைப் பார்க்க வழியெல்லாம் ஆள் நின்றது. ஒரு கிழவர், “காலம் கெட்டுப்போச்சு” என்றார். மாட்டை இன்னும் வெரசா விரட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்புவதற்குள் தேனியில் கதை பரவிவிட்டது. பட்டிக்காரி புருசனுக்குச் சொல்லிக்கொடுத்துத் தீ வைத்தாள் என்று. மேனேஜர் சொன்னது அது. மாமியார் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைத் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மகன் கையில் கட்டைப் பார்த்துவிட்டு எழுந்து, தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “எம் மருமக வாய்க்காரிதான். தீ வைக்கிறவ இல்ல. எவன் சொன்னானோ அவன் எம் முன்னாடி வந்து சொல்லட்டும்.” அதற்குப் பிறகும் நாங்கள் சண்டை போட்டோம், நிறையவே. ஆனாலும் அன்று அவள் சொன்னது சொன்னதுதான்.

மில்லு மொதலாளி போடியில் இருந்தார். விசாரிக்க வந்தார். மில்லு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று தன் கதையைச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

“நீதான் அந்தப் பொம்பளையா?” என்றார் மொதலாளி.

“நான்தான்யா. தீ வச்சேன்னு சொல்றாக. நான் கேட்டுக்கு வெளிய நின்னது ஊருக்கே தெரியும். வெளிய நின்னுக்கிட்டு உள்ள தீ வைக்க எனக்கு எம்புட்டு நீளக் கை இருக்குன்னு கேளுங்க.”

“ஒன் புருசன் உள்ள இருந்தானே?”

என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிக் காட்டினார். “வச்சவன் இப்படியா அள்ளுவான் மொதலாளி?” என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். ராட்டு சுடுகிறது என்று தான் சொன்னதையும், ஓட்டு என்று மேனேஜர் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மேனேஜர், “பொய்” என்றார்.

நான் வயர்மேனைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் மெதுவாகப் போய் மெயின் அறையிலிருந்து பியூசு கட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மொதலாளி முன்னால் வைத்தார்.

“இதுல மெல்லிசுக் கம்பி இருந்திருந்தா தீப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கரண்டு நின்னுருக்கும். தடிச்சது வச்சது நான். வைக்கச் சொன்னது அய்யா” என்றார்.

மொதலாளி மேனேஜரை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முன்னால் கேட்க மாட்டார். “சரி, என்ன செய்யணும்?” என்றார்.

வயர்மேன் தடிச்ச வயர் வேண்டும் என்றார். யுத்தம் என்று மேனேஜர் ஆரம்பித்தார். மொதலாளி கையை அமர்த்தி, தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு வாங்கி வைத்த வயர் போடியில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியானால் தடிச்ச வயர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்திருக்கிறது! கேட்க ஆள்தான் இல்லை. கூடத்துக்கு நடுவில் இன்னும் இரண்டு இடத்தில் பிளக்கு வைக்கவும், பியூசில் சரியான கம்பி போடவும், வயரைச் சுருட்டாமல் சுவரோரம் தொங்கவிட்டு ஓட்டவும் ஒத்துக்கொண்டார்.

“அம்புட்டுதான? நாளைக்கு வேலைக்கு வாங்க” என்று எழுந்தார்.

“இன்னொன்னு இருக்குய்யா” என்றேன். “வயரோ பிளக்கோ சுட்டுச்சுன்னா, யாரையும் கேக்காம நாங்க பிடுங்குவோம். பிடுங்குனவள யாரும் ஏன்னு வையக்கூடாது.”

“அதெப்படி? ஆளாளுக்கு நெனச்சப்ப நிறுத்துனா மில்லு ஓடுமா? மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு நிறுத்துங்க.”

“கேட்டேன்யா. கேட்டதுக்குத்தான் வெளிய போகச் சொன்னாக. கை சுட்டா எடுக்குறதுக்கு ஒங்க வீட்டுல யாரும் உத்தரவு கேப்பாகளா?”

மொதலாளிக்கு அது பிடிக்கவில்லை. “ரொம்பப் பேசுற” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

குச்சனூர்க்காரி என்னைத் தனியாக இழுத்தாள். “ஏத்தா, எல்லாந்தான் குடுத்துட்டாகளே. இதுக்கு மேல எதுக்கு?” அவள் கேட்டதில் தப்பில்லை. தடிச்ச வயரும் ஒருநாள் பழசாகும், யாராவது மறுபடி ஒட்டுப்போடுவார்கள், மறுபடி ஒருத்தி கையில் சுடும், அவள் மறுபடி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொன்னேன். அவள் “சரி, நிப்போம்” என்றாள்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். சங்கு ஊதியது. அன்று நான் எதிர்பார்க்காதது நடந்தது. அதுவரைக்கும் உள்ளே போய்க்கொண்டிருந்த மற்றப் பாதிப் பேர், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவர்கள், கேட்டுவரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து தூக்குச்சட்டியைக் கீழே வைத்து, “தீ ஓடுனப்ப எங் காலுக்கு அடியிலதான் ஓடுச்சு” என்றாள். அன்று மிஷின்களுக்குப் பருத்தி போட ஆளே இல்லை.

அடுத்த நாளும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த பருத்தி வண்டிகள் சந்தைவரைக்கும் நின்றன. மூன்றாம் நாள் போடியிலிருந்து ஆள் வந்தது. “பிடுங்கிக்கிரச் சொன்னாக” என்றான், மொட்டையாக. எங்களுக்கு அது போதும்.

புது வயர் போட்ட அன்று முதல், ஊதாங்குழல் ஓடுகிற நேரத்தில் ஒருத்தி வயரோரமாக நடந்து கையால் தொட்டுக்கொண்டே போவாள். இன்று ஒருத்தி என்றால் நாளை இன்னொருத்தி. மேலே தூசி படிந்தால் துடைப்பாள்; சாக்கோ பொதியோ வயர்மேல் கிடந்தால் எடுத்துப் போடுவாள். வயர்மேன்கூட ஒட்டு ஒன்று போட வேண்டியிருந்தபோது எங்களிடம் காட்டிவிட்டுத்தான் போட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கை ஆறியது. விரல்கள் முழுக்க மடங்கவில்லை. மாடு பூட்டுவதும் கயிறு கட்டுவதும் என் வேலையாகிவிட்டன. வண்டியை அவர்தான் ஓட்டினார். அந்த மிஷினைப் பிடிக்கப் போனதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம் என்று சில நேரம் தோன்றும்.

மேனேஜரை மொதலாளி மாற்றவில்லை. அவர் என்னோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைக் குச்சனூர்க்காரியிடம் சொல்வார், நான் பக்கத்தில் நின்றாலும். நானும் பதிலை அவளிடமே சொல்வேன். அவளுக்கு இது பெரிய கொண்டாட்டம்.

அடுத்த பருவத்தில் மதுரையிலிருந்து பஞ்சு வாங்குகிற வியாபாரிகள் வந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள். மேனேஜர் அவர்களுக்கு மில்லைச் சுற்றிக் காட்டினார். மத்தியானம் மிஷின்கள் நின்றதும் ஊதாங்குழலை ஓட்டிக் காட்டச் சொன்னார். குச்சனூர்க்காரி குழாயைப் பிடித்தாள். உத்தரத்துத் தூசி மழை மாதிரி இறங்கியது. வியாபாரிகள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். மேனேஜர் முகத்தில் பெருமை.

அன்று வயரைத் தொட்டுப் பார்க்கிற முறை என்னுடையது. வயர் நன்றாகத்தான் இருந்தது. சுவருக்குப் போய்ப் பிளக்கில் கையை வைத்தேன். சுட்டது. மேனேஜர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடுங்கினேன்.

ஊதல் நின்றது. தூசி மட்டும் பறந்துகொண்டிருந்தது. வியாபாரிகள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர், ரொம்ப நாளைக்குப் பிறகு, என்னையே பார்த்துக் கேட்டார்.

“என்ன?”

“சூடு.”

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. என்னமோ சொல்ல வாயெடுத்தார். குச்சனூர்க்காரி குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு வயர்மேனுக்குக் கையைக் காட்டிவிட்டு, வியாபாரிகளைப் பொதிக் கிட்டங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

பிளக்கு மாட்டுகிற இடத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. மெயினை நிறுத்திவிட்டு வயர்மேன் அதை இறுக்கினார். சூடு ஆறும்வரைக்கும் நாங்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டோம். பிறகு நானே எழுந்து போய்ப் பிளக்கை மாட்டினேன்.